அண்டை வீடுகளின் கம்பியில்லா வலை



நாம் வாழும் இம்மைசூர் நகரம் வானொலிக்கு ஒரு பெயரைத் தந்த ஊர். 1935 ஆம் ஆண்டில், மகாராஜா கல்லூரியில் உளநூற் பேராசிரியராயிருந்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள் தம் இல்லத்திலேயே சிறிய ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார். அந்நிலையம் 'ஆகாசவாணி' என்னும் பெயர் பெற்றது. அவ்வீட்டிலிருந்து எழுந்த குரல் எல்லோரும் கேட்பதற்கென்றே எழுந்தது. இன்றோ நம் வீடுதோறும் ஒரு சிறு ஒலிபரப்பி இருக்கின்றது. ரூட்டர் என்பது அதன் பெயர். ஆயின் அதன் வழியே செல்வன எல்லோர்க்கும் உரியனவல்ல. ஊரிலுள்ள பெற்றோர்க்கு நாம் அனுப்பும் பணமும், மருத்துவர் தந்த அறிக்கையும் அதன் வழியேதான் செல்கின்றன. ஆகவே பல வீட்டு ரூட்டர்களை ஒரே வலையாகப் பிணைக்கும்பொழுது அதற்குப் பூட்டிடுவது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

கண்ணிவலை என்பது யாது? வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ரூட்டரும் தன் கம்பியையே நம்பி நிற்கும். கண்ணிவலையில் ஒரு ரூட்டர் அண்டை வீட்டு ரூட்டருடன் வானலையில் நேரே பேசும். அது அதற்கடுத்ததனுடன் பேசும். இடையில் ஒன்று நின்றுவிடின், வேறு கண்ணி எட்டும் தொலைவில் இருக்குமாயின், செய்தி அவ்வழியே செல்லும். வெளியிணைப்பு அறுந்தாலும் தெருவிலுள்ள வீடுகள் தமக்குள் பேசிக்கொள்ளலாம்.

இது வெறுங் கற்பனையன்று. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்திய அரசு உரிமவிலக்கு அளித்தது. அடுத்த மாதம் முடிவதற்குள் இமயமலைச் சாரலிலுள்ள தரம்சாலாவில் எட்டு வளாகங்கள் இவ்வகை வலையால் பிணைக்கப்பட்டுவிட்டன. 2018 இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பெரும்பகுதிக்கு அவ்விலக்குக் கிடைத்தது.

ஆயினும் வானலைக்குச் சுவர் ஏது? 2008 இல் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டற்ற கம்பியில்லா இணைப்பு வழியே சென்றதாகத் தெரியவந்தது. திறந்து கிடக்கும் வாயிலில் யார் நுழைந்தாலும் விடை சொல்ல வேண்டியவர் வீட்டுக்குடையவரே.

பூட்டுகளிலும் தரமுண்டு. 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையில், பொதுக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், பிறர் இணையும் கணத்தைப் பதிவு செய்துகொண்டால் அவர்தம் செய்திகளையும் படித்தல் கூடும். கண்ணிவலைக்கென டான் ஹார்க்கின்ஸ் என்பார் 2008 இல் வேறொரு முறையை வகுத்தார். 'எஸ்.ஏ.இ.' எனப்படும் அம்முறையில் தலைவன், ஏவலன் என்ற வேற்றுமை இல்லை. இரு ரூட்டர்களும் கடவுச்சொல்லை வெளியிடாமலே, அதனைத் தாம் அறிந்திருப்பதை ஒன்றற்கொன்று மெய்ப்பித்துத் தமக்கென ஒரு தனித் திறவுகோலை ஆக்கிக்கொள்ளும். கடவுச்சொல் பின்னொரு நாள் வெளிப்பட்டாலும் முன்னைய செய்திகள் காக்கப்படும். சமமானவர்க்கென வகுத்த இம்முறையே 2018 இல் டபிள்யூ.பி.ஏ.3 என வீட்டு வைஃபைக்கும் வந்தது.

இனிச் செயல்முறை. முதலில் இரண்டு அல்லது மூன்று வீடுகளோடு தொடங்குவது நன்று. ரூட்டரில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவலாம். ஆயின் நம் ரூட்டரின் மாதிரி அதன் பட்டியலில் உள்ளதா என முன்னரே பார்த்தல் வேண்டும். அதனுடன் இயல்பாக வரும் சிறு பொதியில் கண்ணிவலைக்குரிய மறைகுறிமுறை அடங்கியிராது. அதற்குரிய பொதியை மாற்றி நிறுவினாலன்றிப் பூட்டிய வலை எழாது. பின்னர் எல்லா ரூட்டர்களுக்கும் ஒரே வலைப்பெயர், ஒரே அலைத்தடம், ஒரே நீண்ட கடவுச்சொல் ஆகியவற்றை இடுக. வீட்டு வைஃபையின் கடவுச்சொல் இதனின் வேறாயிருத்தல் வேண்டும். ஒரே அலைத்தடத்தில் வாங்கி அதிலேயே கொடுக்கும் ரூட்டர் ஒவ்வொரு தாவலிலும் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். எனவே ரூட்டர்களுக்கிடையே 5 கிகாஹெர்ட்ஸும் வீட்டுக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸும் கொள்வது தகும். தடித்த சுவர் குறுக்கிடுமிடத்தில் சன்னலோரமாக வைத்தல் நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அஞ்சல் நிலையங்களுக்கிடையே செல்லும் பைக்கு முத்திரை உண்டு. இடைநிலையத்தில் அப்பையைப் பிரித்துக் கடிதங்களை வகைப்படுத்துவர். கடிதத்தின் உறையோ பிரிக்கப்படுவதில்லை. கண்ணிவலையின் பூட்டு பை முத்திரை போன்றது. ஒவ்வொரு ரூட்டரிலும் திறந்து மீண்டும் மூடப்படும். தெருவில் நிற்கும் அயலானை அது தடுக்கும். இடைவீட்டு ரூட்டரைத் தன் கையில் வைத்திருப்பவரைத் தடுக்காது. எனவே வங்கியின் பக்கம் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகின்றதா என நோக்குக. அதுவே கடிதத்தின் உறை.

இறுதியாக, இணையச் சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் பகிர்வுக்கு இடந்தருகின்றதா என்று பார்த்துக்கொள்க. குடிவந்தோர் ஒருவர் வீடு மாறினால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. இதனை மனத்தாங்கலின்றிச் செய்ய, தொடக்கத்திலேயே எல்லோரும் கூடி விதியாக வகுத்துக்கொள்வது நன்று. பிழைப்பிற்காக வேற்றூரில் குடியேறிய நமக்கு, ஆபத்தில் முதலில் ஓடிவருபவர் அடுத்த வீட்டாரே. அவர் பேசுவது கன்னடமாயினும் தமிழாயினும் வேற்றுமை இல்லை. அவர் செய்தியைப் படியாமல் சுமந்து அடுத்த வீட்டிற்குச் சேர்ப்பதும், நம் செய்தியை அவரிடம் ஒப்படைப்பதும் நல்ல அண்டையரின் கடமையாம். பூட்டு அந்த நம்பிக்கையைக் குறைப்பதன்று; அதற்குத் துணை நிற்பது.