இரத்தத்தில் ஊறும் திராவகம்



பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்குத் திராவகத்தைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே பார்மிக் திராவகம், அது கையில் பட்டால் தோல் வெந்துபோகும். அதே திராவகம் மனிதனின் உடம்புக்குள்ளேயே உண்டானால் என்ன ஆகும்?

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சுச் சாராயம் குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காள தேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளிகள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு இடத்திலும் எமனாக வந்தது மெத்தனால் என்னும் ஆலைச் சரக்கு. கண்ணாலோ, மூக்காலோ, நாக்காலோ அதைச் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

மெத்தனாலைக் கல்லீரல்தான் பார்மிக் திராவகமாக மாற்றிவிடுகிறது. நம் இரத்தம் எப்போதும் சற்றே காரத்தன்மை உடையது. அதன் அளவு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும். திராவகம் சேரச் சேர அந்த அளவு இறங்கும். உடம்பின் அணுக்கள் பிராணவாயு இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் தவிக்கும். கண் நரம்பு கெடும், இருதயம் தளரும்.

தோழர்களே, இந்த நஞ்சு உடனே தன் வேலையைக் காட்டாது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்று வலியும் வாந்தியும் வரும். கண்ணில் பனி மூடியதுபோல் பார்வை மங்கும். ஓடி வந்தவன்போல் ஆழமாக மூச்சு வாங்கும். “போதை தெளியவில்லை, தூங்கட்டும்” என்று விட்டுவிடுகிறோமே, அந்தத் தூக்கத்திலேதான் உயிர் போகிறது!

ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் உண்டு. சோடியம் பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றித் திராவகத்தை முறிக்கிறார்கள். மெத்தனால் மேலும் திராவகமாக மாறாதிருக்க போமெபிசோல் என்னும் மருந்தையோ, அளந்து தூய எத்தனாலையோ கொடுக்கிறார்கள். நஞ்சு மிகுந்தால் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இவற்றில் எதையும் வீட்டில் செய்ய முடியாது. மோரும் எலுமிச்சையும் இந்த நஞ்சை முறிக்கா. சாராயத்துக்குச் சாராயம் மருந்து என்று ஊற்றுவது கொலைக்குச் சமம்.

ஒரு சொட்டும் குடிக்காதவருக்கும் இரத்தத்தில் திராவகம் ஏறலாம். நீரிழிவுக்காரர் இன்சுலின் ஊசியை நிறுத்தினால் ஏறும். கடும் வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கேடு, இரத்தத்தில் கலந்த கிருமி நோய் ஆகியவற்றாலும் ஏறும். வேர் வேறானால் வைத்தியமும் வேறு: நீரிழிவுக்காரருக்கு இன்சுலினும் உப்பு நீரும், சிறுநீரகம் நின்றவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு. எது வேர் என்று இரத்தத்தைச் சோதித்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். கிள்ளான் தோட்டத்து வீடானாலும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும், ஒருவர் ஆழ்ந்து மூச்சு வாங்கினால், பார்வை மங்குகிறது என்றால், உடனே 999ஐ அழையுங்கள். அவர் குடித்த புட்டி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கூடக் குடித்தவர்களையும், வலி இல்லாவிட்டாலும், அழைத்துச் செல்லுங்கள். குடிகாரன் என்று இகழவும் வேண்டாம். அந்நிய நாட்டான் என்று ஒதுங்கவும் வேண்டாம். பக்கத்து அறையில் கிடப்பவன் நம் போன்ற உழைப்பாளி. அவனைத் தூக்கிச் செல்லும் கை நம்முடையதாக இருக்கட்டும்.