பாறைப் பிளவில் ஒரு புறா



துக்க வீட்டில் நம்மில் பலர் அழுவதில்லை. வந்தவர்களைக் கவனிக்கிறோம், அடக்கத்தை நடத்துகிறோம். எல்லாரும் போனபின், ஏதோ ஒரு வேலையின் நடுவே நெஞ்சு உடைகிறது. அப்போது நாம் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் உண்டா?

12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கிளேர்வோ துறவு மடத்தின் தலைவராக இருந்தவர் புனித பெர்னார்து. 1135ஆம் ஆண்டு, தம் துறவிகளுக்கு இனிமைமிகு பாடல் நூலை விளக்கத் தொடங்கினார். 1153இல் இறக்கும்வரை 86 மறையுரைகள் எழுதியும், மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் எட்டினார். அவ்வளவு நிதானமாக இறைவார்த்தையை உள்ளத்தில் அசைபோட்டவர் அவர்.

1138இல் அவருடைய உடன்பிறந்தவர் ஜெரார்டு இறந்தார். அதே மடத்தில் துறவியாக இருந்து, அன்றாடத் தேவைகளையெல்லாம் கவனித்து வந்தவர். அடக்கத்தின்போது பெர்னார்து ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தவில்லை. ஆனால் 26ஆம் மறையுரையில், விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மறைத்து வைத்த துயரம் பொங்கி வந்தது. தம் சகோதரர்கள் முன்னிலையில் புலம்பி அழுதார்.

பின்னாளில் 61ஆம் மறையுரையில், இனிமைமிகு பாடல் 2:14க்கு வருகிறார். பாறைப் பிளவில் ஒடுங்கியிருக்கும் புறாவைத் தலைவன் அழைக்கும் இடம் அது. பாறை கிறிஸ்துவே என்று புனித பவுல் சொல்லியிருக்கிறார் (1 கொரி 10:4). அப்படியானால் பிளவுகள் எவை? கிறிஸ்துவின் திருக்காயங்கள். முன்னோர் தந்த இந்த விளக்கத்தை ஏற்று, அங்கே தம் அடைக்கலத்தைக் கண்டார் பெர்னார்து.

சற்றே எண்ணிப் பார்ப்போம். பிளவில்லாத பாறையில் புறா மோதத்தான் முடியும், குடியிருக்க முடியாது. காயப்படாத கடவுளிடம் நம் காயத்தோடு நாம் எப்படிப் போவோம்? உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. தோமாவுக்கு அவற்றைத் திறந்து காட்டினார். அந்த வாசல் இன்றும் நமக்காகத் திறந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிப்போம். அந்தத் தலைவன் புறாவை ஒளிந்தே இருக்கும்படி விட்டுவிடவில்லை. அதன் முகத்தைக் காட்டச் சொல்கிறான். குரலைக் கேட்க ஆசைப்படுகிறான். ஆகவே ஆண்டவரிடம் அடைக்கலம் புகுவது நம் துயரத்தை மூடி மறைப்பது அன்று. அழுது வீங்கிய முகத்தையும், உடைந்த குரலையும் அவர் கேட்கிறார்.

இன்றிரவு இந்த ஒரே வசனத்தைத் திறந்து, பாடுபட்ட சுரூபத்தின் முன் அமர்ந்து மெதுவாக வாசிப்போம். புறா என்னும் இடத்தில் நம் பெயரை வைப்போம். பிறகு, வாய்விட்டுச் சொல்ல இயலாமல் இதுவரை அடக்கி வைத்ததை அவரிடம் சொல்வோம். சொல் வராவிட்டால் அழுவோம். அதுவும் அவர் கேட்க விரும்பும் குரலே.

ஆண்டவரே, உம் திருக்காயங்களில் எங்களை மறைத்துக்கொள்ளும். ஆமென்.