ஒரே முகவரி என்றால் ஒரே ஆளா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி வகுப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கினோம். ஒருவரே பல பெயரில் கணக்குத் தொடங்காமல் தடுப்பது என் பொறுப்பு. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து இரண்டு கணக்கு வந்தால் இரண்டையும் தள்ளிவிடும்படி புரோகிராம் எழுதினேன். பெரிய சாமர்த்தியம்னு நினைப்பு!

கடைசித் தேதி முடிந்த பிறகு திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், நானும் என் தோழியும் தேரடி பக்கத்துல ஒரே பிரவுசிங் சென்டர்லதான் அப்ளை பண்ணோம். ரெண்டு பேரையும் ஏன் தள்ளினீங்க?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வருஷ வாய்ப்பு அவர்களுக்குப் போனது போனதுதான்.

நம்ம துறைமுகத்தையே பாருங்கள். பெர்த் எண்ணைச் சொல்லிக் கப்பலை அடையாளம் காட்ட முடியுமா? இன்று ஒரு கப்பல் நிற்கும், நாளை வேறொன்று நிற்கும். கப்பலுக்கென்று ஐ.எம்.ஓ. எண் என ஏழு இலக்கம் உண்டு. பெயர் மாறினாலும் கொடி மாறினாலும் அது மாறாது. ஐ.பி. முகவரி பெர்த் எண்ணைப் போன்றது.

பழைய ஐ.பி.வி.4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக ஜனத்தொகைக்கே போதாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரு முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கின்றன. அதே சமயம், ஒருவர் வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே முகவரி மாறிவிடும். ஆக, அப்பாவி மாட்டுவான், கள்ளன் தப்புவான்.

ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வந்தது. அந்த ஐ.பி. முகவரிக்கு உரியவர் என்று ஏர்டெல் தந்த தவறான விவரத்தை நம்பி, பெங்களூரு மென்பொருள் பொறியாளர் ஒருவரை 2007-இல் புனே போலீஸார் கைது செய்தார்கள். செய்யாத குற்றத்துக்கு அவர் 50 நாள் சிறையில் இருந்தார்.

ஐ.பி. முகவரியைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்பட அது போதும், தண்டிக்கப் போதாது. மொபைல் எண், சான்றிதழ் எண் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அப்புறமும் சந்தேகமா? தள்ளுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். தம்பி தங்கைகளே, நாளைக்கு இப்படி விதி எழுதும் நாற்காலியில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.