நீலப் போத்தலில் ஒரு மாலை
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘எமது காலக் கல்லூரி’ என்ற தலைப்பில் 15 நிமிடம் பேசும்படி விழாக்குழுவினர் என்னைக் கேட்டார்கள். கட்டிடங்கள் எழுந்த கதை, அதிபர்களின் சேவை, வலைப்பந்தாட்ட வெற்றிகள், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியிருப்பது மணம் ஒன்றுதான். ஆகவே ஒரு சென்ற் போத்தலைப் பற்றிப் பேசப் போகிறேன். நூற்றாண்டு விழா மேடையில் சென்ற் கதையா என்று சிலர் நினைக்கக்கூடும். முடிவில் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விடுதியில் இருந்தது 1959 முதல் 1965 வரை. அந்த விடுதிக்கு நேரத்துக்கு ஒரு மணம் இருந்தது. காலையில் கிணற்றடியில் சன்லைற் சவர்க்காரம். வெள்ளிக்கிழமைகளில் நல்லெண்ணெயும் சீயாக்காயும், தலை காயச் சாம்பிராணிப் புகையும். ஞாயிற்றுக்கிழமை வீட்டார் பார்க்க வந்துபோன பிறகு கட்டிலுக்குக் கீழே பயற்றம் பணியாரமும் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த லேஞ்சி. அலுமாரித் தட்டில் குட்டிக்கூரா பவுடர் ரின். இவற்றுக்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை. சென்ற் பூசுவது விடுதியில் தடை.

தடை இருந்தால் பொருளும் எங்கேயாவது இருக்கத்தானே செய்யும். எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த ஓர் அக்காவிடம் அது இருந்தது. அவரை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்போம். அவருடைய ஐயா மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். மலாயன் பென்சனியர் வீடென்றால் இளையவர்களுக்குத் தெரியுமோ தெரியாது. பெரிய விறாந்தை, சுவர்மணிக்கூடு, தேக்கு அலுமாரி, அந்த அலுமாரிக்குள் கடல் கடந்து வந்த சாமான்கள். அங்கிருந்து விடுதிக்கு வந்து சேர்ந்த சாமான், உள்ளங்கைக்குள் அடங்கும் கடும் நீலப் போத்தல் ஒன்று. ‘ஈவினிங் இன் பாரிஸ்’.

1963ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவன்று, வெள்ளைச் சேலை உடுத்திப் பாட்டுக்குழுவில் நின்ற 11 பேரின் லேஞ்சி மூலையிலும் பெரியக்கா ஒவ்வொரு துளி வைத்தார். ஒரு துளிதான். மூடியைத் திறந்து போத்தலைக் கவிழ்த்து விரலால் அடைத்து எடுத்த துளி. மண்டபத்துக்கு வரிசையாகப் போகும்போது வாசலில் மேட்ரன் நின்றார். முதலாவது பிள்ளை கடந்தது, மேட்ரன் நிமிர்ந்தார். மூன்றாவது பிள்ளை கடந்தபோது எங்கள் எல்லோரையும் நிறுத்தினார். வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இண்டைக்குப் பரிசளிப்பு. நாளைக்கு ஒருத்தரும் மணக்கக்கூடாது” என்று சொல்லி வழிவிட்டார். அன்று நாங்கள் பாடிய மாதிரி அதற்குப் பிறகு ஒருநாளும் பாடவில்லை.

அந்தச் சென்றின் கதையைப் பிற்காலத்தில்தான் படித்து அறிந்தேன். பாரிஸிலுள்ள பூர்ஷ்வா என்ற நிறுவனம் 1928இல் அதை வெளியிட்டது. செய்தவர் ஏர்னெஸ்ட் போ. 1921இல் வந்த ஷனெல் நம்பர் 5ஐச் செய்தவரும் அவர்தான். மொஸ்கோவில் பிறந்து, அங்கேயே தொழில் பழகி, ரஷ்யப் புரட்சியின் பின் ஊரை விட்டு பிரான்சுக்கு வந்தவர். ஷனெல் பணக்காரப் பெண்களுக்கென்றால், ‘ஈவினிங் இன் பாரிஸ்’ சம்பளம் எண்ணிச் செலவழிக்கும் பெண்களுக்கு. அமெரிக்காவில் சில்லறைக் கடைகளிலும் அது கிடைத்தது. தட்டச்சாளர், தாதி, ஆசிரியை என்று சொந்த உழைப்பில் வாழத் தொடங்கிய பெண்கள் தங்கள் காசில் தங்களுக்கென்று வாங்கிய முதல் ஆடம்பரம் பல இடங்களில் அந்த நீலப் போத்தலாக இருந்தது.

1960களின் இறுதியில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எங்களுக்கு அதற்கு முன்னரே நின்றுவிட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் ஆடம்பரப் பொருட்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1970களில் அது இன்னும் இறுகியது. 1977இன் பின் கடைகள் திறந்தபோது எல்லாச் சென்றும் வந்தன. இது மட்டும் வரவில்லை.

பெரியக்கா கல்லூரியை விட்டுப் போகும்போது வெறும் போத்தலை எனக்குத் தந்தார். அதற்குள் கொண்டை ஊசிகளைப் போட்டு வைத்தேன். கலியாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து, படிப்பிக்கப் போய் வந்த காலமெல்லாம் அது என் அலுமாரியில் இருந்தது. மூடியைத் திறந்தால், பல வருடம் சென்றபின்னும், உள்ளே ஏதோ இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில் நாங்கள் எடுத்தவை காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஒரு போத்தல் தண்ணீர். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி இருந்த இடத்தில் அலுமாரி இல்லை.

உயிர்கள் போன இடத்தில் சென்ற் போத்தலுக்கு அழுவதா என்று கேட்பீர்கள். நானும் அழவில்லை. போனவர்களுக்கு விளக்கு வைக்கிறோம், திவசம் செய்கிறோம். சிறிய பொருட்களுக்கு நாள் கிடையாது. ஆனால் அந்த 11 பேரில் இருவர் அந்தக் காலத்திலேயே இல்லாமல் போனார்கள். அவர்களுடைய படம் என்னிடம் இல்லை. அல்பம் எல்லாம் அலுமாரியோடு போய்விட்டது. அவர்கள் எனக்குப் பக்கத்தில் நின்றதற்கு என்னிடம் இருந்த அத்தாட்சி அந்த மணந்தான்.

இது மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகிறது. மணம் அப்படிப் போவதில்லை. மூக்கிலிருந்து நேரே, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளைத் தொடுகிறது. மணத்தை மூக்கு எப்படி இனம் காண்கிறது என்று கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

1992இல் அதே நிறுவனம் அதே பெயரில், நீலப் போத்தலிலேயே அந்தச் சென்றை மீண்டும் வெளியிட்டது. இலண்டனில் இருந்த வகுப்புத் தோழி ஒருத்தி ஆசையோடு வாங்கிப் பூசிப் பார்த்தாள். “தங்கச்சிக்காரி வந்திருக்கிறாள், அக்காவைக் காணேல்லை” என்று எனக்கு எழுதினாள். பெயரை வைத்துக்கொண்டு மணத்தை மாற்றுவது அந்தத் தொழிலில் வழக்கம். பழைய காலத்துச் சென்றுகளில் சேர்த்த சில பொருட்கள் இன்று தடைசெய்யப்பட்டவை. மஸ்க் அம்பிரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி வெயில் பட்டால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்று கண்டு கைவிட்டார்கள். ஓக் மரப் பாசியின் சாற்றுக்கும் கடும் கட்டுப்பாடு. தோலுக்கு அது நல்லது. நினைவுக்குத்தான் நட்டம்.

அப்படியென்றால் பழைய போத்தலையே தேடி வாங்கலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். நிறையக் காசு கேட்கிறார்கள். வாங்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் சென்றைக் கெடுக்கும். முதலில் சாவது மேல்மணம், அதாவது மூடி திறந்ததும் வரும் எலுமிச்சை வகை வாசனைகள். அடியிலுள்ள வனிலா, மரம், பிசின் போன்றவை நெடுநாள் நிற்கும். பழைய போத்தலை மணந்து “இது இல்லை” என்று உடனே மூடிவிடாமல் கையில் ஒரு துளி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

போன வருடம் கனடாவுக்குப் போனபோது பெரியக்காவைப் பார்த்தேன். மகளோடு இருக்கிறார். எங்கள் தோழியின் மகள் பழைய சாமான் கடையொன்றில் தேடி எடுத்த சிறிய போத்தல் ஒன்று என் கையில் இருந்தது. அடியில் தேநீர் நிறத்தில் கொஞ்சம். அக்கா அதைக் கண்டதும் சிரித்தார். மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“எனக்கு ஒண்டும் மணக்கேல்லைப் பிள்ளை. கொஞ்சக் காலமா ஒண்டுமே மணக்கிறேல்லை. நீ பாத்துச் சொல்லு, எப்பிடி மணக்குது?”

“நல்லாய்த்தான் மணக்குது அக்கா” என்றேன்.

“நல்லாய் எண்டால்? எப்பிடி?”

முப்பது வருடம் தமிழ் படிப்பித்த எனக்குச் சொல் வரவில்லை. முகையின் நறுமணத்தை வள்ளுவர் ‘நாற்றம்’ என்றார். அந்தச் சொல்லையே நாம் கெடுத்துவிட்டோம். வயலட் பூவின் மணம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். வயலட் பூவை நானும் அக்காவும் கண்டதே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தேடிச் சொன்னேன். முதலில் பழைய எண்ணெய் மாதிரி. அதற்குப் பின்னால் புதுப் பவுடர் ரின் திறந்த மாதிரி. பிறகு மார்கழி மாதக் கேக் வேகும்போது வரும் வனிலா. எங்கேயோ தூரத்தில், இரவில் வேலியில் பூத்த மல்லிகை. அடியில் கொஞ்சம் வெட்டிவேர். அந்தச் சொல் தமிழிலிருந்து போய், பிரெஞ்சுக்காரர் வாயிலும் ‘வெற்றிவேர்’ என்று இன்றைக்கும் நிற்கிறது. சொல்லச் சொல்ல மணம் மறைந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வந்தது. வயலட் வகை மணத்துக்கு அந்தக் குணம் உண்டு. மூக்கு அதில் சீக்கிரம் களைத்து, பிறகு மீண்டும் பிடிக்கும்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “இனி மேட்ரன் சொன்னதைச் சொல்லு” என்றார். சொன்னேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

இங்கே என் வயதில் இருக்கும் அக்காமாருக்கும் தோழிகளுக்கும் ஒரு சொல். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மணக்கும் சக்தி குறைகிறது. பலர் அதை அறிவதில்லை. “கறியில் சுவை இல்லை” என்று மருமகளைக் குறை சொல்வார்கள். இது சிறிய விடயம் இல்லை. வாயு கசிவதும் சோறு பழுதாவதும் தெரியாமல் போகும். பார்க்கின்சன் நோய்க்கு இது முன்னறிகுறியாக வருவதும் உண்டு. ஆகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், தடிமனுக்குப் பின் மணம் போனவர்களுக்கு ஒரு பயிற்சியும் இருக்கிறது. ஜேர்மனியில் தோமஸ் ஹம்மல் என்ற பேராசிரியர் 2009இல் வெளியிட்டது. ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கின் மணத்தையும் காலையும் மாலையும் சில விநாடிகள், நினைத்து நினைத்து மணக்க வேண்டும். 12 வாரம் தொடர வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது, பலருக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது. கராம்பும் எலுமிச்சையும் எங்கள் குசினியிலேயே இருக்கின்றன.

இனி என் வேண்டுகோள். பிரான்சில் வெர்சாய் நகரில் ஒஸ்மோதெக் என்று ஒரு காப்பகம் 1990இல் தொடங்கினார்கள். நின்றுபோன சென்றுகளை அங்கே 12 பாகை குளிரில், வெளிச்சம் படாமல், ஆர்கன் வாயு நிரப்பிப் பாதுகாக்கிறார்கள். எங்கள் சங்கத்துக்கு அந்த வசதி இல்லை. எங்களிடம் இருப்பது கொப்பியும் பேனையும். எங்கள் மலர்களில் அதிபர்களின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. பரிசு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. விடுதியின் கிணற்றடி எப்படி மணந்தது, இரசாயன ஆய்வுகூடம் எப்படி மணந்தது, பங்கரிலிருந்து வெளியே வந்து வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு 1990களில் புதுக் கொப்பி ஒன்று கிடைத்தபோது அது எப்படி மணந்தது என்று எவரும் எழுதவில்லை. எழுதக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறோம்.

ஆகவே சங்கம் ஒரு கொப்பி திறக்கட்டும். இன்று பதிவு மேசையில் ஒன்று வைத்திருக்கிறேன். பெயர், கல்லூரியில் இருந்த ஆண்டுகள், மறக்க முடியாத ஒரு மணம், அதை மணந்தபோது பக்கத்தில் நின்றவர் யார் என்ற நான்கையும் எழுதுங்கள். ‘நல்ல மணம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எப்படி என்று எழுதுங்கள். கைநடுங்குபவர்களுக்குப் பின்வரிசைப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். தலைமாணவியிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டார். முதலாவது பக்கத்தில் பெரியக்கா தொலைபேசியில் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது பக்கம் வெறுமையாக இருக்கிறது.