உழக்கினது ஆர், கேட்டது ஆர்?

(ஈஸ்ற்ஹாமில் நடந்த எமது மாதாந்த ஒன்றுகூடலில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவரது பேச்சு வழக்கை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



என்னை இண்டைக்குக் கதைக்கச் சொன்னதுக்குக் காரணம் அந்த மூலையில நிக்கிற சைக்கிள்தான். ஆரோ வீட்டு வாசலில எறிஞ்சு விட்ட உடற்பயிற்சி சைக்கிள். எங்கட இளம் தோழர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, சில்லுக்கு பெல்ற் போட்டு ஒரு பழைய மோட்டரை இணைச்சு, உழக்கினால் பல்ப் எரியிற மாதிரிச் செய்திருக்கினம். நல்ல வேலை. வந்த உடன நானும் ஏறி உழக்கிப் பாத்தன். எனக்குப் பிரச்சினை சைக்கிளோட இல்லை, அதுக்குப் பக்கத்தில கிடக்கிற துண்டுப்பிரசுர வரைவோடதான். "வீட்டுக்கொரு சைக்கிள், எமது மின்சாரத்தை நாமே உற்பத்தி செய்வோம்" எண்டு எழுதியிருக்கு. "அக்கா, நீங்கள் ஊரில உண்மையாவே இப்பிடி உழக்கினனீங்கள்தானே, வந்து சொல்லுங்கோ" எண்டு கேட்டினம். ஓம், உழக்கினனாங்கள். அதனாலதான் அந்த வரி எனக்குக் கொஞ்சம் உறுத்துது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. அரசு பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து எல்லாம் தடை. ரோச்சுக்குப் போடுகிற பற்றரியும் தடை. மண்ணெண்ணெய் மட்டுமட்டாக வந்தது, விலையோ பல மடங்கு. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சப் பஞ்சு, கொஞ்ச எண்ணெய், ஒரு திரி. அந்தப் போத்தல் விளக்கிலதான் ஒரு தலைமுறையே சோதினைக்குப் படிச்சது. பழைய பற்றரியை வெயிலில காயவைச்சு இன்னும் பத்து நிமிசம் உயிர் வாங்கப் பாப்பம். அதுவும் செத்தபிறகுதான் சைக்கிள் வந்தது.

எங்கட வீட்டில ஒரு லுமாலா இருந்தது. அதை ஸ்ராண்டில விட்டு, டைனமோவைப் பின் சில்லில முட்டவைச்சு, டைனமோவில இருந்து ரெண்டு வயரை றேடியோவுக்குக் கொடுக்கிறது. சைக்கிள் டைனமோ எண்டால் 6 வோல்ற், 3 வாற். அவ்வளவுதான். அந்த மூண்டு வாற்றில, இரவு ஒன்பது மணி தாண்டி, லண்டனில இருந்து பிபிசி தமிழோசை வரும். ஆனந்தி அக்காவின் குரல் வந்தால் வளவுக்குள்ள ஒரு சத்தம் இருக்காது. உழக்கிறவன் களைச்சால் குரல் தேஞ்சு போகும். "உழக்கடா, உழக்கடா" எண்டு எல்லாரும் கத்துவினம். வேகம் கூடினால் ஏதாவது எரிஞ்சு போயிடும் எண்டு அப்பா கத்துவார். எங்க குண்டு விழுந்தது, எத்தனை பேர் எண்டது சரியா அந்த இடத்தில நிண்டுபோகும். ஒரு நாள் எங்கட பக்கத்து ஊரின் பெயர் பாதியில நிண்டது. அண்டைக்கு இரவு முழுக்க அம்மா நித்திரை கொள்ளேல்லை.

ஏன் பிபிசி? கொழும்பு வானொலி தன்ர கதையைச் சொல்லும். புலிகளின் குரல் தன்ர கதையைச் சொல்லும். மூண்டாவதா ஒண்டைக் கேக்கத்தான் அந்த உழக்கல். அந்த மூண்டாவது குரலும் எங்களை ஆண்ட நாட்டின் அரசுப் பணத்தில வந்த குரல்தான். 1941ல, யுத்தத்துக்குள்ள, அவையின்ர தேவைக்குத் தொடங்கினது. அது தெரிஞ்சும் கேட்டம், வேற வழியில்லை. பிறகு நான் லண்டன் வந்து ஓல்ட்விச்சில புஷ் ஹவுஸைத் தேடிப்போய் வெளியில நிண்டு பாத்தன். இப்ப அது கிங்ஸ் கல்லூரியின்ர கட்டிடம், உங்களில ரெண்டு மூண்டு பேர் அங்கதான் படிக்கிறியள். தமிழோசை வானொலியும் 2017 ஏப்ரலோட நிண்டுபோச்சு.

இந்தக் கதையை புலம்பெயர்ந்த மேடைகளில எல்லாரும் சொல்லுவினம். "தடைக்குள்ளயும் நாங்கள் கண்டுபிடிச்சம், எங்கட மூளையைப் பார்" எண்டு. நானும் கனகாலம் அப்பிடித்தான் சொன்னனான். சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கு.

எங்கட வீட்டில பெரும்பாலான நாள் உழக்கினது அண்ணா இல்லை. எங்கட வளவில வேலை செய்ய வாற குடும்பத்தின் பெடியன். பதினாலு வயசிருக்கும். அண்ணாவுக்குச் சோதினை, அப்பாவுக்கு முழங்கால். அவன்தான் கூப்பிட்டால் வருவான். சைக்கிள் முத்தத்தில நிக்கும், றேடியோ விறாந்தையில இருக்கும், வயர் நீளம். நாங்கள் விறாந்தையில பாய் போட்டு இருப்பம். அவன் முத்தத்தில உழக்குவான். அவன்ர தாய் தகப்பன் படலைக்கு வெளியில நிண்டு கேப்பினம். உள்ளுக்கு வாங்கோ எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. முடிஞ்சபிறகு அம்மா அவனுக்குத் தண்ணி குடுப்பா. எந்த றம்ளரில எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் சில்லுச் சத்தத்துக்குள்ள முத்தத்தில செய்தி வடிவாக் கேக்காது. அவன் எங்களைப் பாத்து, "என்னவாம்?" எண்டு கேப்பான். இது எனக்கு விளங்கினது இங்க வந்து இருபது வருசத்துக்குப் பிறகு. மூண்டு வாற்றையும் குடுத்தவனுக்குத்தான் செய்தி போய்ச் சேரேல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது அந்த லுமாலாவில நாங்கள் மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டு போனம். அவையள் எந்தப் பக்கம் போனவை எண்டு நாங்கள் கேக்கேல்லை.

சரி, லண்டனுக்கு வருவம். இப்ப கணக்கு.

சாதாரண உடம்புள்ள ஒரு ஆள் நிதானமாக உழக்கினால் கிட்டத்தட்ட 100 வாற் தரலாம். ஒரு மணித்தியாலம் உழக்கினால் ஒரு யூனிற்றில் பத்தில் ஒரு பங்கு. 2022 குளிர்காலத்தில் ஒரு யூனிற் 34 பென்ஸ். ஆக ஒரு மணித்தியால வியர்வையின் பெறுமதி மூன்றரைப் பென்ஸ்கூட இல்லை. ஒரு பவுண்ஸ் மிச்சம் பிடிக்க முப்பது மணித்தியாலம் உழக்கவேண்டும். கேத்திலுக்கு 3,000 வாற் வேணும், அது கொதிக்கிற வரைக்கும் முப்பது பேர் உழக்கவேணும். ஒவ்ஜெம் 2023ல சாதாரண வீட்டுக்கு வைச்ச கணக்கு வருசத்துக்கு 2,700 யூனிற். அதைத் தர மூண்டு பேர் மாறி மாறி இல்லை, மூண்டு பேரும் ஒரே நேரத்தில, நித்திரை இல்லாமல், வருசம் முழுக்க உழக்கவேணும். இன்னொண்டு: உடம்பு தின்னிற சாப்பாட்டில கால்வாசிக்கும் குறைவாத்தான் பெடலுக்குப் போகும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நாலு துண்டுப் பாணாவது கூடச் சாப்பிடவேணும். இங்க கிடைக்கிற ஆகக் குறைஞ்ச விலைப் பாணும் அந்த மூண்டரைப் பென்ஸை விடக் கூட.

2009ல பிபிசியே இதைச் செய்து காட்டினது. ஒரு குடும்பத்துக்குச் சொல்லாமல் அவையின்ர வீட்டுக் கரண்டை எண்பது பேரளவில சைக்கிள் உழக்கிக் குடுத்தது. ஒரு ஆள் மின்சார ஷவரில குளிக்கப் போக, மற்றப் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து உழக்கினம். பாத்தால் சிரிப்பு வரும். எனக்கு விறாந்தையும் முத்தமும்தான் ஞாபகம் வந்தது.

இந்த நகரத்தில இது புதுசும் இல்லை. 1821ல பிரிக்ஸ்ரன் சிறையில, வில்லியம் கியூபிற் எண்ட எஞ்சினியர் வடிவமைச்ச பெரிய மிதிசக்கரம் ஒண்டை வைச்சவை. கைதிகள் வரிசையா நிண்டு படி ஏறுற மாதிரி நாள் முழுக்க மிதிக்கவேணும், அது மா அரைக்கும். பிறகு சில சிறைகளில அரைக்க ஒண்டும் இல்லாமலே, காத்தை அரைக்கிறதுக்கு மிதிக்க வைச்சவை. அடுத்தமுறை பிரிக்ஸ்ரன் ஹில் பக்கம் போகேக்க அந்தச் சிறையைப் பாருங்கோ, இப்பவும் சிறைதான்.

நான் பின்னேரத்தில பெற்றோல் நிலையம் ஒண்டில ரில்லில நிக்கிறது உங்களுக்குத் தெரியும். எங்கட ஆக்கள் எத்தினை பேர் இந்த நகரத்தில அந்த வேலை செய்யிறம்! கீ மீற்றருக்குக் காசு ஏத்த வாறவையை முகம் பாத்தே தெரியும். 2022 குளிருக்கு முதல் பத்துப் பவுண்ஸ், இருபது பவுண்ஸ் போட்டவை பிறகு அஞ்சு பவுண்ஸாக வந்தவை. ஒரு மனுசி சில்லறையா எண்ணி வைச்சிட்டு, "இது நாளைக்குக் காலமை மட்டும் போகுமா?" எண்டு என்னட்டக் கேட்டா. எனக்கு எப்பிடித் தெரியும்? மீற்றர் வெறுமையாகி வீடு இருட்டாக் கிடந்தாலும் நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்தமுறை ஏத்திற காசில அது முதல் கழிபடும். கோட்டு உத்தரவோட வீட்டுக்குள்ள புகுந்து அந்த மீற்றரைப் பூட்டினதை 2023 பெப்ரவரியிலதான் நிப்பாட்டச் சொன்னவை. 2022ல ஷெல் கொம்பனியின்ர லாபம் கிட்டத்தட்ட 40 பில்லியன் டொலர்.

அந்த மனுசியிட்ட போய் "வீட்டுக்கொரு சைக்கிள்" எண்டு நான் சொல்லமாட்டன். அவ ஏற்கனவே ரெண்டு வேலை உழக்கிறா. யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல் போனது மழை பெய்யாததால இல்லை, ஒரு அரசு நிப்பாட்டினதால. இங்க விலை ஏறினதும் வானத்தில இருந்து விழேல்லை. தடையைப் போட்டவன் எங்கட சைக்கிளைக் கண்டு பயந்ததா எனக்குத் தெரியேல்லை.

அதுக்காக இந்தச் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடச் சொல்லேல்லை. குளிக்க வாக்க உதவாது, ஆனால் ஒரு ஒலிபெருக்கிக்குக் காணும், நாலைஞ்சு போன் சார்ஜ் பண்ணலாம், இப்பத்தைய எல்ஈடி பல்ப் கொஞ்சம் எரிக்கலாம். கூட்டத்துக்குப் போதும். எனக்கு ரெண்டு விசயம் வேணும். ஒண்டு, அந்த முதல் வரியை வெட்டிப்போட்டு கணக்கை எழுதுங்கோ: ஒரு மணித்தியாலம், மூண்டரைப் பென்ஸ். சனம் ஏறி உழக்கிப் பாக்கட்டும். வியர்த்து இறங்கினபிறகு மீற்றரைப் பற்றிக் கதையுங்கோ, நாள் வாடகையைப் பற்றி, மின்சாரத்தைப் பொதுவுடைமை ஆக்கிறதைப் பற்றி. மற்றது, உழக்கிற ஆள் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில இருக்கவேணும், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாறவேணும். போஸ்ரர் கீறுற ஆக்கள், பேச்சுப் பேசுற ஆக்கள், நான் உட்பட எல்லாரும். இதை எழுதி வையுங்கோ, இல்லாட்டி கடைசியில ஆர் உழக்குவினம் எண்டு எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையடிக்குக் கொண்டுபோறதெண்டால் வான் வேணும், ஆரிட்டயாவது இருந்தால் கூட்டம் முடிய என்னட்டச் சொல்லுங்கோ. அந்தச் சீற்றையும் ஆராவது ஒருக்காக் குறைச்சு விடுங்கோ, எனக்குக் கால் எட்டேல்லை.