விடுதலை செய்தவர் எவர்?

 

'இசைவாணரும் சட்டமும்' என்று அழைப்பிதழ் கூறினும், நான் எதைப் பேசப்போகிறேன் என்பது சபையில் பாதிப்பேருக்கு முன்னமே தெரிந்திருக்கும்; இருபது ஆண்டுகளாக என்னோடு வாதாடிவரும் நண்பர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் தண்டிக்கப்பட்ட பாடகர்-நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரையும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனையும் லண்டன் பிரிவி கௌன்சில் விடுதலை செய்தது என்று அவர்கள் எழுதுகிறார்கள்; செய்யவில்லை என்கிறேன் நான்.

பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படம் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் ஜனத்திரள் நெருக்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே, நவம்பர் 8-ஆம் தேதி, 'இந்து நேசன்' பத்திரிகாசிரியர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்துண்டு மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் துறந்தார். இக்கொலை தொடர்பாகப் பாகவதரும் கிருஷ்ணனும் டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர். நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரர்களோடு நடந்த ஹைகோர்ட் செஷன்ஸ் விசாரணையில் நாயுடு தப்பினார். ஏனைய இருவருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது.

வழக்கில் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய உடன்குற்றவாளி, ஒருவர் இருந்தார். அன்றைய சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, உடன்குற்றவாளியின் சாட்சியத்தை மாத்திரம் கொண்டு தண்டிப்பது சட்டவிரோதம் ஆகாது என்றது. 114-ஆம் பிரிவின் உதாரணமோ, முக்கியமான விவரங்களில் வேறு சான்று துணைநின்றாலன்றி அவனை நம்பத்தகாதவன் என்று ஊகித்துக்கொள்ளலாம் என்றது. இவ்விரண்டுக்கும் நடுவே ஜூரர் எங்கே காலூன்றினர் என்று எவரும் கேட்க இயலாது. அவர்கள் காரணம் கூறக் கடமைப்பட்டவர் அல்லர். ஹைகோர்ட் செஷன்ஸ் தீர்ப்பின்மேல் சங்கதிகளைப் பற்றி அப்பீல் செய்யும் வழியோ, கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவு 1943-இல் சேர்ந்த பின்னரே திறந்தது. அவ்வழியே சென்ற அப்பீலும் சென்னையில் தள்ளுபடியாயிற்று.

பிறகே லண்டன். ஆனால் பிரிவி கௌன்சில் தன்னைக் கிரிமினல் அப்பீல் கோர்ட்டாக ஒருகாலும் கருதியதில்லை. 1887-ஆம் ஆண்டு டில்லெட் வழக்கிலிருந்தே, கடுமையான அநீதி நேர்ந்தாலன்றித் தலையிடுவதில்லை என்பது அதன் சம்பிரதாயம். ஆகவே பாகவதர் குற்றவாளியா அல்லரா என்று தானே சொல்லிவிடாமல், அப்பீலை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் குற்றம் அற்றவர் என்று சொன்னது சென்னை ஹைகோர்ட். கட்டை மீண்டும் சோதித்துப் பார் என்று சொன்னவனையே அவிழ்த்தவன் என்று என் நண்பர்கள் எழுதினால், முதலில் மறுத்த கோர்ட்டே பின்னர் அதே சாட்சியத்தைப் புதிதாய் எடைபோட்டது என்ற அரிய சரித்திரம், சீமை நீதியின் கருணைக் கதையாய்ச் சுருங்கிவிடுகிறது.

பழி நம் சொல்லின் மேலும் உண்டு. தண்டனைக்காலம் முடிந்து சிறையினின்று வெளிவருவதும் விடுதலை, குற்றம் நிரூபணமாகவில்லை என்ற தீர்ப்பும் விடுதலை, அதே 1947-இல் தேசம் பெற்றதும் விடுதலை. ஒரு சொல் மூன்று சுமை தாங்கும்போது சரித்திரக்காரன் ஜாக்கிரதையாய் இருக்கவேண்டாமா? கோர்ட் திருப்பித்தந்தது பெயரை மட்டுமே. 1948-இல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. முக்தி என்ற சொல்லும் இவ்விடத்தில் உதவவில்லை போலும்.

சட்டத்தோடு மோத நேர்ந்த மற்றோர் இசைவாணரான நாகரத்தினம்மாளைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அவர் 1910-இல் பதிப்பித்த தெலுங்குக் காவியமாகிய முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனமு' ஆபாசம் என்று தடையுண்டது. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராயிருந்த காலத்தில் தடை நீங்கியது. ஆபாசம் என்பதற்குச் சர்க்கார் அன்று கொண்ட இலக்கணம் யாது என்பது ஓர் இளைஞர் மூன்று வருஷம் உழைக்கத்தக்க விஷயம்.

இசைத்தட்டு உரிமையும் அப்படியே. பாபநாசம் சிவன் இயற்றிய பாட்டைப் பாகவதர் பாட, கம்பெனி தட்டாக விற்றது. 1914-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் எவர் பங்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தப் பத்திரங்களைக் கொண்டு ஆராயவேண்டும். பாகவதர் வழக்கின் ஜூரர் ஜாபிதாக்களையும் எவரேனும் தேடிப்பார்க்கலாம்.