இறந்தாலும் ஆயிரம் பொன்

பைகுல்லாவிலுள்ள ராணி பாக் தோட்டத்தைக் காணாத தமிழ்க் குடும்பம் மும்பையில் இராது என்றே சொல்லலாம். தாராவியிலிருந்தும், மாதுங்காவிலிருந்தும், செம்பூரிலிருந்தும் விடுமுறை நாட்களில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்கிறோம். அங்குள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் அருகே கல் யானை ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் அது காராபுரித் தீவின் கரையில் நின்றது. அதைக் கண்டுதான் போர்ச்சுகீசியர் அத்தீவுக்கு எலிபெண்டா என்று பெயரிட்டனர். 1864-ஆம் ஆண்டில் அதைச் சீமைக்குக் கொண்டுபோக முயன்றபோது கல் உடைந்துபோயிற்று. துண்டுகள் பம்பாய்க்கு வந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒட்டப்பட்டன.

கல் யானையை ஒட்டிவிடலாம். உயிருள்ள யானை வீழ்ந்தால் வீழ்ந்ததுதான். ஆயினும் நம் முன்னோர், "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். இப்பழமொழியின் பிற்பாதிதான் யானைக்கு எமனாக வந்தது. இறந்த யானைக்கு ஆயிரம் பொன் கொடுக்க ஆள் இருக்கும் வரையில், இருக்கிற யானையை இறந்த யானையாக்கவும் ஆள் இருப்பான் அன்றோ? அந்த ஆயிரம் பொன்னின் கதையைத்தான் இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

இக்கதையில் நாம் வாழும் இந்நகருக்கும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தந்தம் சான்சிபார்த் தீவில் குவிந்து, அங்கிருந்து பாய்மரக் கப்பல்களில் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்தது. கட்சு நாட்டு வணிகர்கள் அவ்வாணிகத்தில் முன்னின்றனர். வந்த சரக்கில் ஒரு பகுதி லண்டனுக்கு மறு ஏற்றுமதியாயிற்று. மற்றது மேற்கு இந்தியாவில் மணமகளின் கை வளையலாயிற்று. நம் நாட்டிலேயே யானை இருக்க, கடல் கடந்து தந்தம் ஏன் வரவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். ஆசிய யானைகளில் களிற்றுக்கு மட்டுமே நீண்ட கொம்பு உண்டு. அதிலும் சில மோழையாகவே பிறக்கும். ஆப்பிரிக்க யானைகளிலோ ஆண், பெண் இரண்டுக்கும் பெரும்பாலும் கொம்பு உண்டு. அவை பருமனும் மிக்கவை. வளையல் கடைவதற்குப் பருமனான தந்தமே வேண்டும்.

நம்மவரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். தந்தச் சீப்பும், தந்தச் சிமிழும் செல்வர் வீடுகளில் இருந்தன. தஞ்சாவூர் வீணையின் குடத்தில் தந்தத்தால் பூவேலை செய்ததும் உண்டு. திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் உலகத்தார் கண்ணைக் கவர்ந்தது. அக்கைவினைஞர்களின் திறமையைக் குறை கூற நாம் வரவில்லை. அவர்கள் கையில் வந்து சேர்ந்த பொருளின் உண்மையான விலை அவர்களுக்கும் தெரியாது, வாங்கினவர்களுக்கும் தெரியாது.

அந்த விலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெரியவந்தது. 1979-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்தன என்று மதிப்பிடப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ 6 லட்சமாகக் குறைந்தது. 1989-இல் கென்யாவின் ஜனாதிபதி மோய், கைப்பற்றிய தந்தங்களில் 12 டன்னை நைரோபியில் தீயிட்டுக் கொளுத்தினார். ஏழை நாடு ஒன்று பெருஞ்செல்வத்தை இப்படிச் சாம்பலாக்கலாமா என்று கேட்டவர் பலர். விலைபோகும் பொருளாக இதை இனி நாங்கள் கருதவில்லை என்பதே அத்தீயின் பொருள். அதே ஆண்டு அக்டோபரில், அருகி வரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் லாசான் நகரில் கூடி, ஆப்பிரிக்க யானையை வாணிகம் தடுக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தன. 1990 ஜனவரி முதல் தடை செயலுக்கு வந்தது.

இந்தியாவில் நடந்ததையும் காண்போம். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1977-இல் யானை அதன் முதல் பட்டியலில், புலிக்கு நிகரான பாதுகாப்புப் பெற்றது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்தத்தின் உள்நாட்டு வாணிகத்தை நிறுத்திற்று. ஆயினும் ஒரு வாயில் திறந்தே கிடந்தது. ஆப்பிரிக்கத் தந்தத்தை வைத்து வாணிகம் செய்யத் தடையில்லை. கடையில் இருக்கும் வெண்ணிறச் சிலையைப் பார்த்து, இது முதுமலைக் களிற்றின் கொம்பா, கென்யா யானையின் கொம்பா என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்? எல்லாம் ஆப்பிரிக்கத் தந்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம் அல்லவா? நேர்மையான சரக்கு, திருட்டுச் சரக்குக்குப் போர்வையாயிற்று.

அப்போர்வைக்குள் என்ன நேர்ந்தது என்பதை நம் மேற்குத் தொடர்ச்சி மலை அறியும். கொம்புள்ள ஆண்களை மட்டுமே தேடிச் சுட்டார்கள். அதனால் பெரியாறு சரணாலயத்தில் 1980-களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை ஏற்பட்டது. மொத்தத் தொகையைப் பார்த்தால் காட்டில் யானைகள் நிறையவே இருப்பதாகத் தோன்றும். கன்றுகளோ அருகிவிட்டன. சத்தியமங்கலம் காடுகளில் வீரப்பன் கும்பல் யானைகளை மட்டும் கொல்லவில்லை. காட்டைக் காத்தவர்களையும் கொன்றது. கர்நாடக வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பரில் அக்கும்பலால் உயிரிழந்தார்.

அதே 1991-ஆம் ஆண்டின் திருத்தம், இறக்குமதியான தந்தத்தின் வாணிகத்தையும் தடுத்து, திறந்திருந்த வாயிலை அடைத்தது. தந்த வணிகர்கள் நீதிமன்றம் சென்றனர். தொழில் செய்யும் உரிமை அரசியல் சட்டம் அளித்த உரிமை என்பது அவர்கள் வாதம். 1997-இல் டில்லி உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதன் பிறகும் ஒரு வணிகர் விடவில்லை. தாம் வாங்கியது யானைத் தந்தமே அன்று, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன மாமூத் என்னும் விலங்கின் தந்தம் என்றார். சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் எடைபோட்டு மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்பவர்களாகிய நமக்கு இவ்வழக்கில் தனி ஈடுபாடு உண்டு. 'தந்தம்' என்ற ஒரு சொல்லுக்கு எல்லை எது என்பதே அங்கு எழுந்த கேள்வி. 2003-இல் உச்ச நீதிமன்றம் விடை கூறிற்று. சட்டம் தடுப்பது இறக்குமதியான தந்தத்தை. எந்த விலங்கின் தந்தம் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின் மாமூத் தந்தமும் தடைக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பு. அகராதிப் பொருளோடு நில்லாமல், எதைக் காக்க அச்சட்டம் எழுதப்பட்டது என்பதையும் நீதிமன்றம் பார்த்தது.

இந்த அனுபவம் இன்று உலக விவாதத்துக்கும் உரியது. ஆப்பிரிக்க நாடுகள் இவ்விஷயத்தில் ஒரே கருத்துடையவை அல்ல. கென்யா எவ்வித விற்பனையும் கூடாது என்கிறது. 2016-இல் அது மீண்டும் 105 டன் தந்தத்தை எரித்தது. தெற்கேயுள்ள போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளோ வேறு பேசுகின்றன. "எங்கள் யானைகளை நாங்கள் நன்றாகவே காத்தோம். போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,30,000 யானைகள் உள்ளன. அவை எங்கள் குடியானவரின் சோளத்தை மேய்கின்றன, ஆட்களையும் கொல்கின்றன. இயற்கையாக இறந்த யானைகளின் தந்தத்தை விற்று அப்பணத்தைக் காட்டுக்கும் கிராமத்துக்கும் செலவிட ஏன் தடை?" என்பது அவர்கள் கேள்வி. 2024-இல் போட்ஸ்வானா ஜனாதிபதி, "வேண்டுமானால் 20,000 யானைகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறோம், நீங்கள் அவற்றோடு வாழ்ந்து பாருங்கள்" என்ற பொருள்படக் கூறினார். அது வெறும் கேலியன்று. தொலைவிலிருந்து அறம் உரைப்பவர்களுக்கு விடுத்த அறைகூவல்.

அவர்களுக்கு இருமுறை இசைவும் கிடைத்தது. 1999-இல் சுமார் 50 டன் தந்தம் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. 2008-இல் 100 டன்னுக்கு மேல் சீனாவும் ஜப்பானும் வாங்கின. அதன் பின் வந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வேட்டை பெருகியது. 2009-க்கும் 2014-க்கும் இடையே தான்சானியா தன் யானைகளில் பாதிக்கு மேல் இழந்தது. அவ்விற்பனைதான் காரணம் என்று ஒரு சாராரும், அன்று என்று மறு சாராரும் இன்றளவும் வாதிடுகின்றனர். அவ்வழக்கைத் தீர்க்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் நல்ல தந்தமும் திருட்டுத் தந்தமும் ஒரே அங்காடியில் கலந்தால் என்ன ஆகும் என்பதை 1986 முதல் 1991 வரை நாம் நம் நாட்டிலேயே கண்டோம். 2017 இறுதியில் சீனாவும் தன் தந்த அங்காடியை மூடிற்று. 2019-இலும் 2022-இலும் விற்பனையை மீண்டும் திறக்கக் கோரிய தீர்மானங்கள் ஏற்கப்படவில்லை. இவை சரியான முடிவுகளே என்பது நம் கருத்து.

ஆயினும் தடை போட்டவுடன் கடமை முடிந்ததாக எண்ணுவது பிழை. போட்ஸ்வானா கேட்ட கேள்விக்கு நாமும் விடை சொல்லியாக வேண்டும். இறந்த யானைக்கு விலையில்லை என்று ஆக்கிவிட்டோம். இருக்கிற யானைக்கு ஆயிரம் பொன் கொடுப்பது யார்? நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானைகளால் உயிரிழக்கின்றனர். அவர்கள் கூடலூரிலும், ஓசூர்ப் பக்கத்திலும், ஒடிசாவிலும், அசாமிலும் வாழும் ஏழைக் குடியானவர், தோட்டத் தொழிலாளர். பயிரைக் காக்க எவனோ இட்ட மின்கம்பியில் சிக்கி யானையும் மாள்கிறது. மாதுங்காவில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து யானையைக் காப்போம் என்று சொல்லும் நாம், அதற்காக ஒரு காசும் இழப்பதில்லை. காட்டோரத்துக் கிழவியோ ஓராண்டு வாழைத் தோட்டத்தை ஓரிரவில் இழக்கிறாள். வழக்கில் வென்றவர்கள் நாம். செலவுத் தொகையைக் கட்டுபவள் அவள்.

இதற்கு வழியே இல்லை என்று சோர வேண்டியதில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை மாலைதோறும் தமிழில் கைப்பேசிச் செய்தியாக அனுப்பும் முறையை வன உயிரின ஆய்வாளர்கள் ஏற்படுத்தினர். யானை அருகிலிருந்தால் உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். வேலை முடிந்து பேருந்தில் வந்து இறங்கும் தொழிலாளி விளக்கைக் கண்டு எச்சரிக்கையாக நடப்பார். உயிர்ச்சேதம் குறைந்தது. யானையைச் சுடவும் இல்லை, மனிதரைப் பலியிடவும் இல்லை. உரிய நேரத்தில் தாய்மொழியில் ஒரு செய்தி சென்றது, அவ்வளவே.

அரசாங்கம் 1992-இல் யானைத் திட்டத்தைத் தொடங்கியது. 2017-இன் கணக்கெடுப்பு நாட்டில் 27,312 யானைகள் என்றது. மரபணு முறையில் எடுக்கப்பட்டு 2025-இல் வெளியான கணக்கு 22,446 என்றது. முறைகள் வேறாதலால் இரண்டையும் நேராக ஒப்பிடலாகாது. ஆனால் அலட்சியத்துக்கு இடமளிக்கும் தொகை இரண்டுமே அல்ல.

நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. தந்தப் பொருளை விற்பவரிடம், அது பழையது என்று சொன்னாலும், மாமூத் என்று சொன்னாலும் வாங்காதிருப்போம். பாட்டனார் வழியில் தந்தப் பொருள் எதுவும் நம் கைக்கு வந்தால், 90 நாட்களுக்குள் வன அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை விற்கவும் கூடாது. விடுமுறைக்கு நீலகிரி செல்வோர் சீகூர்ப் பகுதியை நினைவிற் கொள்ளவேண்டும். அங்கே யானைகளின் வழித்தடத்தில் எழுந்த தங்கும் விடுதிகள் பற்றிய வழக்கில், வழித்தடம் யானைக்கே உரியது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நாம் கொடுக்கும் வாடகை யானையின் பாதையை அடைக்கும் சுவராகிவிடலாகாது. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்களுக்கும் ஒரு செய்தி: உங்கள் ஊர் மலையை உள்ளடக்கிய அகத்தியமலை 2022-இல் யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அம்மலையடிவாரத்தில் இருக்கும் உறவினர், பயிர்ச்சேத நிவாரணம் தாமதமாகிறது என்று குறைகூறினால், அதை யானைமேல் கொண்ட பகை என்று எண்ணாமல் செவிகொடுத்துக் கேளுங்கள். அவருடைய மனுவை எழுத உதவுங்கள். யானையைக் காக்கும் பணியில் அதுவும் அடங்கும்.

அடுத்த முறை ராணி பாக்கில் அக்கல் யானையின் முன் நிற்கும்போது குழந்தைகள் அதன் கதையைக் கேட்பார்கள். பழமொழியையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். பிற்பாதியை மட்டும் விட்டுவிடுவோம். முற்பாதியில் சொன்ன ஆயிரம் பொன்னில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் அப்போது சேர்த்தே நினைப்போம்.